பிரவுன் பேப்பர் கிட்டார்

கிட்டார் கடைக்கு இஞ்ச் டேப்போடு போனவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதைக் கழுத்தில் போட்டிருப்பதே அவளுக்கு நினைவில்லை. மத்தியானம் தையல் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு, கையில் சுருட்டிய பிரவுன் பேப்பரோடு பஸ் ஏறி நேரே வந்திருந்தாள். தோள்பட்டையில் இரண்டு குண்டூசிகள் குத்தியது குத்தியபடியே இருந்தன.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நீள முடியைப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அது அவளுக்குப் பிடித்தது.

"வாங்கக்கா. பையனுக்கா, பொண்ணுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"இப்பத்தான் கத்துக்க ஆரம்பிக்கிறாரா?"

"இருபது வருஷம் மேடையில வாசிச்சவர்."

"அட! அப்ப அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. நான் சொல்றத விட அவருக்கு நல்லாத் தெரியுமே."

"அவரால வர முடியாது. சக்கர நாற்காலி. உங்க கடைக்கு ஏழு படி இருக்கு."

கடைக்காரர் தன் கடைப் படிகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றிச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. மேல் வரிசை விலைச்சீட்டுகளில் போன் நம்பர் மாதிரி எண்கள் நீளமாக இருந்தன. அவள் கீழ் வரிசையை மட்டும் பார்த்தாள்.

"எங்களுக்குக் கட்டுப்படியாகுறது இந்த வரிசைதான். இதுல இருக்கிறத மட்டும் காட்டுங்க. மேல இருக்கிறத இறக்காதீங்க, ஆசை வந்துடும்."

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கி மேசையில் படுக்க வைத்தார். "சத்தம் எல்லாம் அப்புறம். முதல்ல உடம்புதான்க்கா பார்க்கணும். இது ஒத்தைக் கொம்பு, கழுத்துக்குப் பக்கத்துல ஒரு முனை மட்டும் நீட்டிட்டு இருக்கு பாருங்க. நல்ல தடிமன், சத்தம் கனமா நின்னு வரும். தோள்ல மாட்டினா சிமெண்டு மூட்டை. இது தட்டை. பலகையை அப்படியே வெட்டின மாதிரி, எங்கயும் இழைச்சிருக்க மாட்டாங்க. விலை கம்மி, ஆனா விளிம்பு முழங்கையில அழுத்தும். இது ரெண்டு கொம்பு. பின்னாடி திருப்பிப் பாருங்க, வயித்துக்கிட்ட குடைஞ்சு விட்டிருக்காங்க. மேல கை படற இடத்துல சீவியிருக்காங்க."

"அது?" அம்பு முனை மாதிரி இரண்டாகப் பிளந்திருந்த ஒன்றை அவள் காட்டினாள்.

"அது துள்ளிக் குதிக்கிறவங்களுக்கு. உக்காந்து வாசிச்சா மடியில நிக்காது, வழுக்கிட்டு ஓடிடும்."

துள்ளிக் குதிக்கிற கட்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு கொம்புக் கிட்டாரைத் திருப்பி, குடைந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மரம் சரேலென்று வெட்டப்படாமல் மெதுவாக உள்ளே இறங்கியிருந்தது. யாரோ ஒருத்தர் ஆளின் வயிற்றை நினைத்துப் பார்த்து இதை வெட்டியிருக்கிறார். ஒரு தையல்காரிக்கு இன்னொரு தையல்காரர் மேல் வருகிற மரியாதை அந்த முகம் தெரியாத ஆள்மேல் அவளுக்கு வந்தது.

"தூக்கி மடியில வெச்சுப் பாருங்கக்கா."

"நான் தூக்கி என்ன ஆகப்போகுது? எனக்கு அளவுதான் வேணும்."

சொல்லிவிட்டுத் தரையில் பிரவுன் பேப்பரை விரித்தாள். கிட்டாரை அதன்மேல் கிடத்தி, மார்க் போடும் சாக்பீஸை எடுத்துச் சுற்றிலும் கோடு இழுக்க ஆரம்பித்தாள். தட்டை ஒன்று, இரண்டு கொம்பு ஒன்று, கூர்க் கொம்போடு மெலிதாக இருந்த இன்னொன்று. கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கிட்டாருக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிற ஆளை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவள் கணவரை லீடு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பாட்டுக் குழுவில் லீட் கிட்டார் வாசித்ததால் வந்த பெயர், கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயரை அது விழுங்கிவிட்டது. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அரை இஞ்ச். வைத்தவர் லீடுதான். அரை இஞ்ச் பிசகினாலும் முழுத் தையலையும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி மிஷினில் உட்காருவாள். வாடிக்கைக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் தலையைத் தூக்க மாட்டாள். அதனால்தான் அவள் கடைக்கு ஆள் வந்தது. அதனால்தான் துணி கைக்கு வர ஒரு வாரம் தாமதமும் ஆனது.

இருபது வருடம் வாசித்தும் லீடுக்குச் சொந்தமாக ஒரு கிட்டார் இருந்ததில்லை. குழு முதலாளி கருவிகளையெல்லாம் வேனில் வைத்துப் பூட்டுவார். நிகழ்ச்சிக்கு இறக்குவார், முடிந்ததும் எண்ணி ஏற்றுவார். வீட்டுக்கு ஒரு நாள் கொண்டுபோகிறேன் என்று லீடு கேட்டபோது, கல்யாண மண்டபத்துச் சாவியை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்களா என்று முதலாளி திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் லீடு கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில், ஏதோ ஒரு காலி மண்டபத்தில் மைக் சோதனை நடக்கும்போது, லீடு தானாக ஒரு மெட்டுப் போட்டார். நான்கே வரி. அவளை நினைத்துப் போட்டது என்று அன்றைக்கே வந்து சொல்லியும் விட்டார். அவள் அதைக் கேட்டதே இல்லை. வாயால் பாடிக் காட்டுங்கள் என்று எத்தனையோ தடவை நச்சரித்திருக்கிறாள்.

"அது வாயில வராது" என்பார் ஒவ்வொரு தடவையும். "மூணாவது வரியில ஒரு இழுப்பு இருக்கு. கம்பியை விரலால மேல தள்ளணும். அங்கதான் உசிரே இருக்கு."

"நீங்க மெட்டே போடல. சும்மா என்னை ஏமாத்துறீங்க."

"சத்தியமா போட்டேன்."

உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். லீடு பொய் சொன்னால் இடது கை தானாகப் போய் இடது காது மடலைப் பிடித்து இழுக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. மெட்டைப் பற்றிப் பேசும்போது அந்தக் கை ஒருநாளும் அசைந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் மேடைப் படியில் லீடுக்கு இடது கால் தடுக்கியது. செருப்பைக் குறை சொன்னார்கள். பிறகு சமதரையில் தடுக்கியது. அதன்பின் எந்தச் செருப்பையும் குறை சொல்ல முடியவில்லை. நரம்பு டாக்டர் படம் வரைந்து விளக்கினார். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கை. நிறுத்த மருந்து கிடையாது, கொஞ்சம் தள்ளிப்போட முடியும், அவ்வளவுதான்.

"கைக்கு எப்ப வரும் டாக்டர்?" போன மாதம் போயிருந்தபோது லீடு கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"இந்த வருஷத்துக்குள்ள வரலாம். இடது கையிலதான் ஆரம்பிக்கும்."

வெளியே வந்ததும் அவர் அழவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கழித்து, "அந்த மெட்டை ஒரு தடவை உனக்கு வாசிச்சுக் காட்டிடணும்" என்றார். சாதாரண மரக் கிட்டார் வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள், அதுதான் விலை மலிவு. "அதுல கம்பி கடப்பாரை மாதிரி இருக்கும்மா. எலெக்ட்ரிக்ல மெல்லிசு. என் விரலுக்கு இனிமே அதுதான் ஆகும்" என்றார். அன்றிலிருந்து அவள் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை. விரல் அடங்குவதற்குள் கிட்டார் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

கடையிலிருந்து கொண்டுவந்த மூன்று வடிவத்தையும் கத்தரித்து எடுத்துக்கொண்டு அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"டிரையல்" என்றாள்.

"சட்டையைக் கழட்டணுமா?" என்று கண்ணடித்தார் லீடு.

ஜன்னலை ஒட்டிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டிலிருந்து பழையதாக வாங்கியது. வாங்கும்போது நாற்காலிக் கை இரண்டிலும் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தொங்கியது. அன்று சாயங்காலமே தடித்த நீலத் துணியில் உறை தைத்து, இரட்டைத் தையல் போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து மூடிவிட்டாள். வந்தவர்களெல்லாம் புது நாற்காலி என்றே நினைத்தார்கள். அவரைக் கட்டிலுக்கு மாற்றும்போது மட்டும் அந்தக் கை இடைஞ்சல். அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, நாற்காலிக் கைக்கு மேலே ஏற்றி, அந்தப் பக்கம் இறக்க வேண்டும். அவர் இடுப்பு தினமும் அதில் இடிக்கும். "இந்த எழவெடுத்த கையைக் கண்டுபிடிச்சவன் நாசமாப் போக" என்று தினமும் இரண்டு வேளை சாபம் கொடுப்பார். அவளுக்குக் கை வலித்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

முதலில் தட்டைக் கிட்டாரை மடியில் வைத்து, சட்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்தினாள். பேப்பரின் வலது பக்கம் நாற்காலிக் கையில் முட்டி மடங்கியது. டேப் வைத்துப் பார்த்தாள். இரண்டு இஞ்ச். எடுத்துப் போட்டாள். கூர்க் கொம்பு ஒன்றரை. அடுத்தது இரண்டு கொம்பு. அதை வைத்ததும் லீடின் முகம் மாறியது. வலது கை தானாக மேல் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. இடது கை, பேப்பரில் இல்லாத கிட்டார்க் கழுத்தைப் பிடித்தது. விரல்கள் காற்றில் ஏதோ அழுத்தின.

"இதுதான்" என்றார். "முதலாளி வேன்ல இருந்ததும் இந்த உடம்புதான். கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பேன்."

அவள் குனிந்து பார்த்தாள். "ஒரு இஞ்ச் இடிக்குது."

"ஒரு இஞ்ச்தானே. சாய்ச்சு வெச்சு சமாளிச்சுக்கலாம்."

"ஒரு இஞ்ச்தானேன்னு சொன்னவங்க எத்தனை பேர் சட்டையத் தூக்கிட்டுத் திரும்பி வந்திருக்காங்க தெரியுமா? சாய்ச்சு வெச்சா மணிக்கட்டு மடங்கும். மடங்கின கையை வெச்சுக்கிட்டு எப்படி இழுப்பீங்க?"

"நாளைக்கே கொண்டுவந்துடலாமேன்னு பார்த்தேன்."

"சரியா வர்றத வாங்குவோம். ஆயுசுக்கும் ஒண்ணுதான் வாங்கப் போறோம்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. லீடு அதைக் கண்டுகொள்ளாமல் மடியில் இருந்த பேப்பரைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்கிட்ட வாதாடி ஜெயிச்சவன் உண்டா அரை இஞ்ச்" என்றார்.

மறுநாளும் மத்தியானம் கடையைப் பூட்டினாள். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவிலுள்ள அகலத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இதுக்குள்ள அடங்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

அவர் தடித்த விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டினார். "கூர்க் கொம்புல உடம்பு மட்டும் சின்னதா ஒண்ணு வருது. விலையும் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. ஆனா கையில இல்ல, வரவழைக்கணும். மூணு வாரம் ஆகும். இன்னொரு விஷயம்க்கா, உடம்பு சின்னது, கழுத்து முழு நீளம். கையை எடுத்தா தலைப் பக்கம் கீழ சாயும். இடது கையால தாங்கிப் பிடிக்கணும்." பிறகு அந்த இரண்டு கொம்பைத் தட்டிக் காட்டினார். "இது இப்பவே இருக்கு. இன்னிக்கே கொண்டுபோகலாம். சமமா நிக்கும்."

அவள் சின்ன உடம்பின் அளவை அங்கேயே பேப்பரில் போட்டுப் பார்த்தாள். நாற்காலிக்குள் கச்சிதமாக அடங்கியது, இரண்டு பக்கமும் கால் இஞ்ச் இடைவெளி. அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. தலைப் பக்கம் சாயும் என்று அவர் சொன்னது ஏதோ துணி சாயம் போகும் என்று சொன்ன மாதிரி ஒரு பக்கமாகப் போய்விட்டது. பேப்பரில் எந்தப் பக்கமும் சாயவில்லையே. அவள் தொழிலில் எதையும் எடை பார்த்ததில்லை.

"சின்னதையே வரவழைங்க" என்றாள்.

பில் போடும்போது வீட்டு விலாசத்தோடு வீட்டுக்காரர் பெயரையும் கேட்டார். அவள் பழக்க தோஷத்தில் லீடு என்றாள். கடைக்காரரின் பேனா நின்றது.

"லீடு அண்ணனா? நான் ஸ்கூல் படிக்கும்போது அவர் வாசிக்கிறதைப் பார்க்க மேடைக்குப் பக்கத்துலயே நிப்பேன்க்கா. அவரைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்." பில்லில் அந்தப் பெயரை எழுதி முடித்தார். "வந்ததும் நானே வீட்டுக்குக் கொண்டுவரேன்."

மூன்று வாரம் என்றது நான்காகியது. நான்கு ஐந்தாகியது. கப்பல் தாமதம் என்றார், துறைமுகத்தில் நிற்கிறது என்றார். அவள் தினமும் மத்தியானம் போன் போட்டாள். கடைக்காரர் பாவம், எடுக்காமல் இருந்ததே இல்லை.

அந்த ஐந்து வாரத்தில் லீடின் கை எப்படி இருந்தது என்று டாக்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். சட்டை அவள் தைப்பதுதானே. முதல் வாரம் அவரே பட்டன் போட்டுக்கொண்டார், கொஞ்சம் நேரம் எடுத்தது. இரண்டாவது வாரம் காஜாவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் பட்டன்களை வெட்டிவிட்டுப் பிரஸ் பட்டன் வைத்தாள். நான்காவது வாரம் இடது கை மணிக்கட்டுப் பட்டனை அழுத்த வலது கை போதவில்லை, இடது கையைத் திருப்பிக் கொடுக்கவும் அவரால் முடியவில்லை. ஐந்தாவது வாரம் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ஒட்டுப்பட்டி தைத்தாள். தோள் அளவும் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது. குழந்தைகள் சட்டைக்கு வளருமே என்று உள்ளே துணி விட்டுத் தைத்துத் தைத்துப் பழகியவள். சுருங்கிக்கொண்டே போகிற உடம்புக்கு எப்படித் தைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. கடைக்காரர் நீளப் பெட்டி ஒன்றையும் குட்டி ஆம்ப் ஸ்பீக்கர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். லீடைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மேடையில் பார்த்த ஆளைத் தேடிக் கண்கள் அலைந்தன. லீடு அதைக் கவனித்துவிட்டார்.

"அவன்தான் இவன். உள்ள வாப்பா" என்றார்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து, கிட்டாரை லீடின் மடியில் வைத்தார். சிவப்பு நிறம். இரண்டு நாற்காலிக் கைகளுக்கும் நடுவில் அச்சில் வார்த்ததுபோல அடங்கியது. கால் இஞ்ச் இந்தப் பக்கம், கால் இஞ்ச் அந்தப் பக்கம். ஒரு நிமிடம் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைக்காரர் கையை எடுத்தார். கிட்டாரின் தலை மெதுவாக இடது பக்கம் இறங்கியது. லீடு இடது கையால் தாங்கப் பார்த்தார். விரல்கள் கழுத்தைச் சுற்றின, பிடிக்கவில்லை. தலை போய்ச் சக்கரத்தில் டொக்கென்று மோதியது. மறுபடி தூக்கி வைத்தார்கள், மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை லீடே, "விடுங்க, அது கீழ போகணும்னு ஆசைப்படுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. வார் மாட்டிப் பார்த்தார்கள், அப்போதும் கழுத்தின் பாரம் அந்தக் கையில்தான் விழுந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் ஒரு தடவை தூக்கி மடியில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். பேப்பருக்கு ஏது கனம்?

"ஒரு நிமிஷம்ணே" என்று கடைக்காரர் வெளியே ஓடினார். காரிலிருந்து இன்னொரு பெட்டியோடு வந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு இதையும் எடுத்துட்டு வந்தேன்." இரண்டு கொம்புக் கிட்டார்.

"அது இடிக்கும். ஒரு இஞ்ச் இடிக்கும்" என்றாள் அவள் அவசரமாக.

"இந்தக் கைதானேக்கா இடிக்குது? இதைக் கழட்டிடலாம்." மண்டியிட்டு உட்கார்ந்து, நீல உறைக்கு அடியில் விரலால் தடவினார். "எங்கப்பாவுக்கும் இதே நாற்காலிதான் வெச்சிருந்தோம். முன்னாடி கீழ்ப்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும். உறைக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு... ம், இதோ."

துணிக்கு மேலேயே வைத்து அழுத்தினார். கிளிக் என்றது. நாற்காலிக் கை மொத்தமாக மேலே உருவி வந்துவிட்டது. அதை ஓரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

இரண்டு வருடமாக அவரை அதற்கு மேலே தூக்கி இறக்கியிருக்கிறாள். இரட்டைத் தையல் போட்டு அவளே மூடி வைத்திருந்தாள். நாற்காலியை அளந்தாள், மனுஷனை அளந்தாள், கிட்டாரை அளந்தாள், நாற்காலிக் கை கழன்று வரும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இது... அன்னிக்கு நான் கோடு போட்ட கிட்டாரா?" என்று கேட்டாள்.

"அதே பீஸ்தான்க்கா. அங்கயேதான் தொங்கிட்டு இருந்துச்சு" என்றார் கடைக்காரர். கம்பியை முறுக்குவதிலேயே கண்ணாக இருந்ததால் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இரண்டு கொம்பு லீடின் மடியில் வந்து உட்கார்ந்தது. குடைந்த இடத்தில் வயிறு பொருந்தியது. கையை எடுத்தும் அது அசையவில்லை. கடைக்காரர் லீடின் இடது கையைத் தூக்கிக் கழுத்தில் வைத்துவிட்டு ஆம்பைப் போட்டார். அறை முழுக்க ஒரு மெல்லிய இரைச்சல் பரவியது.

"கேளு" என்றார் லீடு அவளைப் பார்த்து.

முதல் வரி வந்தது. மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி வைத்து வாசித்தார். ஒன்றிரண்டு சுரம் கரகரத்தது. ஆனால் அவள் எதிர்பார்த்தது போல அது சோகமான மெட்டு இல்லை. விளையாட்டான மெட்டு. யாரோ ஒருத்தியை வம்புக்கு இழுத்து, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடி ஒளிந்துகொள்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது வரியில் அது மறுபடி எட்டிப் பார்த்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தன்னை இப்படித்தான் பார்த்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரித்தாள், கண்ணீரும் வந்தது.

மூன்றாவது வரியில் கை மேலே ஏறியது. விரல் கம்பியில் பதிந்தது, தள்ளியது. கம்பி நகரவில்லை. மறுபடி தள்ளினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, உதட்டைக் கடித்தார். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. விரல்தான் வழுக்கி இறங்கியது.

"போன மாசம்கூட..." என்று ஆரம்பித்த லீடு, அவள் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"இன்னும் மெல்லிசான கம்பி மாத்திப் பார்க்கலாம்ணே. நாளைக்குக் கொண்டுவரேன்" என்றார் கடைக்காரர்.

"கொண்டுவாப்பா" என்றார் லீடு. கம்பி மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். சின்ன கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு, இரண்டு கொம்பும் ஆம்பும் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கடைக்காரர் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்ட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

கார் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த நாற்காலிக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இஞ்சுக்கு ஐந்து வாரம். காஜா பெரிதாக்கிய வாரம், பிரஸ் பட்டன் வைத்த வாரம், ஒட்டுப்பட்டி தைத்த வாரம். அத்தனையும் அந்த மூன்றாவது வரிக்குள் இருந்திருக்கிறது.

"ஏய், அரை இஞ்ச்" என்று கூப்பிட்டார் லீடு. அவள் திரும்பவில்லை. "அந்தப் பொத்தான் இருக்கிறது எனக்குத் தெரியும். நாற்காலி வந்த அன்னிக்கே தெரியும். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு முழுக்க என்னோடது."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடது கை கிட்டாரின் கழுத்தை விட்டுவிட்டு மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. காதுக்கு இன்னும் தூரம் இருந்தது. அங்கேயே கொஞ்சம் நின்று நடுங்கிவிட்டு, கம்பிகள் மேல் தொப்பென்று விழுந்தது. ஆம்ப் அணைக்காமல் இருந்ததால் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"ஆமா, நீங்க சொல்லியிருக்கணும்" என்றாள். மிஷின் டிராயரைத் திறந்து பிளேடை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்து, இடது பக்க நாற்காலிக் கையின் உறையைப் பிரிக்க ஆரம்பித்தாள். தையல் அவ்வளவு இறுக்கமாக இருந்தது, நூல் சுலபத்தில் அறுபடவில்லை.

"ரெண்டு வரி வாசிச்சீங்களே, அதை இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

இடது கையைத் தூக்கிக் கழுத்தில் வைத்துவிட்டாள். லீடு வாசித்தார். முதல் வரி வந்தது. தலையைக் குனிந்து நூலைப் பிரித்தபடியே, இரண்டாவது வரிக்காக அவள் காத்திருந்தாள்.